ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது

உடம்புக்குள் ஒலி ஓடும் வேகம்
நொடிக்கு ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது மீட்டர்.
எந்த உடம்புக்கும் இதே கணக்கு என்று
எந்திரம் நம்புகிறது.
கொழுப்பில் ஒலி கொஞ்சம் சோம்பும்,
தசையில் கொஞ்சம் விரையும்.
சராசரியை வைத்துக்கொண்டே
ஈரல் இங்கே, பிள்ளையின் தலை இங்கே என்று
வரைந்து கொடுத்துவிடும்.
அந்தச் சின்னப் பொய்
பெரிய பொய்யாகாமல் பார்த்துக்கொள்ளத்தான்
இருபத்தாறு வருடமாய் எனக்குச் சம்பளம்.

தண்டர் பே ஆஸ்பத்திரி, நிலத்தடித் தளம்.
ஜன்னல் இல்லை.
செவ்வாய்க்கிழமைகளில் எந்திரங்கள்
ஒவ்வொன்றாய் என்னிடம் உருண்டு வரும்.
நோயாளி ஒரு டப்பா.
உள்ளே சதை போல ஒரு பாகு,
பாகுக்குள் முடியளவு நைலான் நூல்கள்.
மூச்சை அடக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.
கேள்வி ஒன்றுதான்:
நூல் இருக்கும் இடத்தில்தான்
நூல் தெரிகிறதா?

ஒரு மார்ச் மாதம்
மூன்றாம் எந்திரத்தின் புரோப்பில்
நூற்றிருபத்தெட்டுப் படிகங்களில் ஏழு
அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தன.
படம் என்னவோ அழகாய்த்தான் இருந்தது.
"நன்றாகத்தானே தெரிகிறது" என்றார் மக்லவுட்.
பட்ஜெட் அவர் கையில்.
செத்தவற்றின் வேலையைப்
பக்கத்தில் இருப்பவை இழுத்துப்போட்டுச் செய்கின்றன,
அதனால்தான் தெரியவில்லை என்றேன்.
பதினெட்டு வருடம் அழுத்தி அழுத்திப் படமெடுத்த
வலது தோளைத் தடவிக்கொண்டு நின்றாள் ஷெரில்.
அந்த மாதம் வேலையை விட்ட இருவரின் பட்டியலும்
அவளிடம்தான் இருந்தது.
"கழற்றுங்கள்" என்றாள்.
எதை என்று மக்லவுட் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலம்
அதே மேசையில் நான் படுத்தேன்.
ஜெல் சில்லென்றது.
சூடாக்கும் பெட்டி பழுதென்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
திரையில் பித்தப்பை,
அதற்குள் வெள்ளையாய் ஒரு துண்டு,
பின்னால் வால் போல நீண்ட கரிய நிழல்.
கல் எவ்வளவு பெரிது என்று கேட்டிருக்க வேண்டும்.
"அடியில் கெயின் கூடிப்போச்சு, கொஞ்சம் குறை" என்றேன்.
ஷெரில் சிரித்ததில் படம் குலுங்கியது.
வீட்டில் குமுதனுக்கு
நிழலின் விளிம்பு எத்தனை கூர்மை என்று விவரித்தேன்.
அவன் கல்லைப் பற்றிக் கேட்டான்.
பதினொரு மில்லிமீட்டர்.
எண்ணெய்ப் போத்தலை
எனக்கு எட்டாத தட்டுக்கு ஏற்றி வைத்தான்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு ரெய்யோ
ஏரிக்குக் கூட்டிப் போனார்.
உறைந்த ஏரியில் ஒரு துளை, துளைமேல் கூடாரம்,
இருவர் முழங்காலுக்கும் நடுவே
மீன் காட்டும் பெட்டி.
கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்து
திரும்பி வருவதை எண்ணுகிற
எங்கள் வம்சத்துப் பெட்டிதான் அதுவும்.
"நாற்பதடியில் ஒன்று" என்றார்.
உறையப்போகும் தண்ணீரில் ஒலி தளர்ந்து நடக்கும்,
பெட்டியோ ஏரிக்குக் கோடைகாலம் என்று நினைக்கிறது,
மீன் ஒன்றரையடி மேலே நிற்கும் என்று
கையுறையைக் கழற்றி
தெர்மாஸ் மூடியின் பனியில் எழுதிக் காட்டினேன்.
முழுக்கக் கேட்டார்.
பிறகு நாற்பதுக்கே தூண்டிலை இறக்கி
மெல்ல மேலே சுண்டினார், கீழே விட்டார்.
என் ஒன்றரையடி
அவர் மணிக்கட்டின் ஓர் அசைவு.

வெயில் சாயும்போது ஏரி முழங்கியது.
எங்கோ தூரத்தில் விரிசல்.
கீச்சென்ற சுரம் முதலில் வந்தது,
கனத்த சுரம் பின்னால்.
அந்த இடைவெளியை வைத்தே
பனியின் தடிப்பைக் கணக்கிடலாம்.
வாயைத் திறந்தேன்.
காலையிலேயே கோலை விட்டு அளந்திருந்தார் ரெய்யோ.
பதினாறு அங்குலம்.

இரவு, சமையலறைத் தொட்டியில் அந்த ட்ரவுட்.
பொரியல் கிடையாது, புளிக்குழம்பு என்று தீர்ப்பாகிவிட்டது.
வயிற்றைக் கீறி விரலை விட்டேன்.
"பித்தப்பை கவனம்" என்றான் குமுதன்,
"உடைஞ்சா எல்லாம் கசக்கும்."
ஈரலோடு ஒட்டி
பச்சையாய், ஒரு பயறளவு.
உடையாமல் வந்தது.
விளக்கின் கீழே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
அடுப்பில் புளித்தண்ணீர் கொதித்து
மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.